பேட்ஜ் இல்லாத பழைய ஸ்னேர் ட்ரம்: யாரு செஞ்சது, எந்தக் காலத்துதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

இலங்கை மலைநாட்டுல பழைய ஸ்னேர் ட்ரம் (அடித்தோல்ல கம்பி ஒட்டியிருக்கிற ட்ரம்) ஒண்ணு கைக்கு வந்தா அதுல பேட்ஜ், அதாவது கம்பெனி பேர் போட்ட தகடு, இருக்கிறது அபூர்வம். பள்ளிக்கூட ஸ்டோர் ரூம்லயோ, தோட்டத்து சர்ச் பரண்லயோ, ஒரு காலத்துல கல்யாண வீடுகளுக்கு வாசிச்ச பேண்ட்காரரோட லயத்து காம்பராவுல கட்டிலுக்கு அடியிலயோ கிடந்திருக்கும். பேட்ஜ எவனோ எப்பவோ கழட்டியிருப்பான், இல்லன்னா பெயிண்ட் அடிக்கும்போது பிடுங்கிப் போட்டிருப்பாங்க. அத எடுத்துட்டு வந்து ஒரு போட்டோ புடிச்சு "அண்ணே இது லட்விக் தானே?"னு (லட்விக் பேர்போன அமெரிக்க ட்ரம் கம்பெனி) கேக்கிற தம்பிமாருக்குத்தான் முக்கியமா இத எழுதுறேன். போட்டோவ மட்டும் பாத்து சொல்றது கஷ்டம். ஆனா ட்ரம்ம மடியில வச்சுக்கிட்டு ஒரு டோர்ச், ஒரு தையல் டேப், ஒரு காந்தம், தோல இறுக்கித் தளர்த்துற ஒரு ட்ரம் கீ, ஒரு ஸ்க்ரூ ட்ரைவர், முடிஞ்சா மில்லிமீட்டர் கணக்கா அளக்கிற ஒரு வேர்னியர் இவ்வளவும் இருந்தா நீங்களே முக்கால்வாசி கண்டுபிடிச்சிரலாம்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வச்சுக்கங்க, மத்த எல்லாமே இதுலருந்துதான் வருது. எத மாத்துறது கஷ்டமோ அது சொல்றதத்தான் நம்பணும். ஷெல்ல, அதாவது ட்ரம்மோட உடம்ப, மாத்துனா அது வேற ட்ரம். ஷெல்லுல போட்ட ஓட்டைய அடைக்கலாம், ஆனா இல்லாம ஆக்க முடியாது. லக்க, அதாவது இறுக்குற ராட் வந்து மாட்டுற ஷெல்லு மேல உள்ள துண்ட, மாத்தலாம், ஆனா புது லக்கோட ஸ்க்ரூ இடைவெளி பழைய ஓட்டையோட ஒத்துப்போகணும், இல்லன்னா புதுசா துளை போடணும், போட்டா தெரியும். ஸ்ட்ரெய்னர், அதாவது ஸ்னேர் கம்பிய இறுக்கித் தளர்த்துற லீவர், சீக்கிரம் உடையிற சாமான், அதனால அடிக்கடி மாறியிருக்கும். தோல அமுக்குற ரிம், அந்த ரிம்ம இறுக்குற டென்ஷன் ராட், தோல், ஸ்னேர் கம்பி இதெல்லாம் கிடைச்சத போட்டு ஓட்டியிருப்பாங்க. ஆக பாக்க வேண்டிய வரிசை ஷெல், ஓட்டை, லக், ஸ்ட்ரெய்னர், ரிம், கடைசியாத்தான் தோலும் கம்பியும். நெறைய பேரு இத தலைகீழா பாக்கிறாங்க, மேல ரெமோ தோல பாத்துட்டு அமெரிக்கன் ட்ரம்ங்கிறாங்க, அது தோலோட கம்பெனி, ட்ரம்மோட கம்பெனி இல்ல.

இன்னொண்ணு, பாத்து முடிக்கிற வரைக்கும் சுத்தம் பண்ணாதீங்க. தயவுசெஞ்சு. நம்ம பக்கம் பனியும் ஈரமும் சேர்ந்து எல்லாத்துலயும் பூஞ்சணம் புடிச்சிருக்கும், பாத்தாலே பிராஸோ போட்டு தேய்க்கணும்னு கை பரபரக்கும், ஆனா அந்த அழுக்குலதான் விஷயம் இருக்கு. பேட்ஜ் ஒட்டியிருந்த இடம் மத்த இடத்த விட நிறம் மாறி ஒரு வடிவமா தெரியும், உள்பக்கம் பென்சில்ல எழுதுன நம்பரோ மை சீல் குத்துன தேதியோ ஈரத் துணி ஒரு தடவ பட்டா போயிரும். முதல்ல எல்லா பக்கமும் படம் எடுங்க, வெயில் சாய்வா விழுற நேரத்துல வாசல்ல வச்சு எடுத்தா மேடு பள்ளம் எல்லாம் தெரியும். அப்புறம்தான் கழட்டணும். கழட்டுற ஒவ்வொரு ஸ்க்ரூவும் எந்த ஓட்டையில இருந்துச்சோ அதே ஓட்டைக்கு திரும்பப் போற மாதிரி காகிதத்துல குத்தி வையுங்க.

இங்க கிடைக்கிற ட்ரம் எங்கருந்து வந்திருக்கும்னு ஒரு யோசனை இருந்தா தேடுற வேல பாதியா குறையும். 1948 வரைக்கும் இது பிரிட்டிஷ் ஆட்சி, அதுக்கப்புறமும் ரொம்ப காலம் தோட்டங்கள் இங்கிலாந்து கம்பெனிங்க கையில, கிளப்புகள்ல தொரைமாருக்கு டான்ஸ், பள்ளிக்கூடத்துல கெடட் பேண்ட், சர்ச்சுல பேண்ட். அதனால பழைய சாமானுக்கு முதல்ல இங்கிலாந்தத்தான் நினைக்கணும். 1972லயும் 1975லயும் காணிச் சீர்திருத்தச் சட்டத்துல தோட்டங்கள அரசாங்கம் எடுத்துச்சு, அந்தக் காலத்துல கைமாறுன பங்களா சாமான், கிளப் சாமான் கொஞ்சமில்ல. 1970லருந்து 1977 வரைக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையா இருந்துச்சு, 1977ல திறந்த பொருளாதாரம் வந்த பிறகுதான் வெளிநாட்டு சாமான் தாராளமா உள்ள வந்துச்சு. இது ஒரு ட்ரம்மோட வயச நிரூபிக்காது, ஆனா "இத எங்க அப்பா 1974ல கொழும்புல புதுசா வாங்குனது"ன்னு ஒருத்தர் சொன்னா ஒரு தடவைக்கு ரெண்டு தடவ விசாரிக்கலாம், அனேகமா அது அப்பவே கைமாறி வந்த பழைய ட்ரம்மா இருக்கும். இன்டர்நெட்டுல இருக்கிற வழிகாட்டி எல்லாம் பெரும்பாலும் அமெரிக்காக்காரங்க அவங்க ஊர் ட்ரம்முக்கு எழுதுனது, அத வச்சு நம்ம ஊர் ட்ரம்ம பாத்தா எல்லாமே லட்விக் மாதிரியும் ஸ்லிங்கர்லேண்ட் மாதிரியும்தான் தெரியும்.

சரி, அளவு. தோல் மேல டேப் வச்சு குறுக்கா அளக்கிறத விட ஷெல்லுக்கு சுத்தளவு எடுக்கிறது சரியா வரும். 14 இஞ்சி ட்ரம்முக்கு ஷெல் சுத்தளவு 110, 111 சென்டிமீட்டர் பக்கம் வரும், 13 இஞ்சிக்கு 102, 103, 15 இஞ்சிக்கு 118, 119. ஷெல் எப்பவும் தோலோட பேர் அளவ விட கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும், இல்லன்னா தோல் உக்காராது. ஆழம் ஷெல்லோட ஓரத்துலருந்து ஓரத்துக்கு, ரிம்ம சேக்காம. 5, 5.5, 6.5 இஞ்சின்னா செட்டுக்கு செஞ்ச ட்ரம், 12 இஞ்சி பக்கம் ஆழம்னா அது நடந்துக்கிட்டே வாசிக்கிற மார்ச்சிங் சைட் ட்ரம், அதுக்கு தேட வேண்டிய இடமே வேற.

அடுத்து ஷெல் எதுல செஞ்சது. மெட்டல்னா காந்தத்த வையுங்க. டப்புன்னு ஒட்டுனா இரும்பு. ஒட்டலன்னா பித்தளையோ அலுமினியமோ. மேல நிக்கல் பூச்சு இருந்தா பித்தளையிலயும் காந்தம் லேசா இழுக்கிற மாதிரி இருக்கும், அத பாத்து இரும்புன்னு முடிவு பண்ணிராதீங்க, இரும்பு இழுக்கிற இழுப்பே வேற. இதுல நம்ம ஊர் ஈரம் ஒரு உதவி பண்ணும், பூச்சு விட்டுப்போன இடத்துல செவப்பா துரு வந்தா இரும்பு, பச்சையா வந்தா பித்தளை, வெள்ளையா பவுடர் மாதிரி வந்து குரோம் சின்னச் சின்ன கொப்புளமா எழும்புனா அலுமினியம். சந்தேகம்னா காத்து ஓட்டையோட (ஷெல்லு பக்கவாட்டுல காத்து போக விட்ட துளை) உள் ஓரத்துல பாருங்க, அங்க பூச்சு மெல்லிசா இருக்கும், அடி மெட்டலோட நிறம் தெரியும். புதுசா சுரண்ட வேணாம். குரோமுக்கும் நிக்கலுக்கும் வித்தியாசம் பாக்க பக்கத்துல ஒரு எவர்சில்வர் கரண்டிய வச்சு பாருங்க, நிக்கல் கொஞ்சம் மஞ்சள் சாயல், குரோம் நீலச் சாயல். குரோம் 1930களிலயே இருக்கு, ஆனா நிக்கல் பூச்சோட இருக்கிற ட்ரம் பொதுவா பழைய பக்கம்தான் சாயும். மெட்டல் ஷெல்லுல ஒட்டு எப்படி போட்டிருக்காங்கன்னும் உள்ள விரல் விட்டு தடவிப் பாருங்க, தடவுனா தெரியாத மாதிரி சுத்தமா இருக்கா, இல்ல பத்த வச்ச மேடு தடியா கைக்கு தட்டுப்படுதா.

மரம்னா வேல இன்னும் சுவாரஸ்யம். தோல ரெண்டையும் கழட்டுங்க, ஓரத்துல டோர்ச் அடிச்சு எத்தன ப்ளை, அதாவது எத்தன மர அடுக்குன்னு எண்ணுங்க, காத்து ஓட்டையில எண்ணுறதும் நல்லது. உள்ள மேலயும் கீழயும் தடிப்பான மர வளையம் ஒட்டியிருக்கா? மெல்லிசான மூணு ப்ளையும் வளையமும்னா 1970களோட நடு வரைக்கும் இருந்த பழக்கம், அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் மூணு இடத்துலயும் அப்படித்தான் செஞ்சாங்க. லட்விக் 1976 பக்கத்துலதான் வளையத்த விட்டுட்டு ஆறு ப்ளைக்கு போனாங்க. ப்ளையே இல்லாம ஒரே பலகைய ஆவியில வளைச்சு செஞ்சிருந்தா, ஓரத்துல கோடு கோடா அடுக்கு தெரியாது, ஒரு இடத்துல மட்டும் நீளமா சரிவா ஒட்டு தெரியும், அப்படி ஒண்ணு கிடைச்சா கையில புடிச்சுக்கிட்டு உக்காந்துருங்க, அது சாதாரண ட்ரம் இல்ல. மரத்தோட நிறத்த கவனிங்க. லேசான வெளிர் நிறத்துல நெருக்கமான ரேகைன்னா மேப்பிள், பீச், பர்ச் மாதிரி. செம்பழுப்பா, ரேகை சொரசொரப்பா, சின்னச் சின்ன துளை நெறைய இருந்தா லவான், அத பிலிப்பைன்ஸ் மஹோகனின்னும் சொல்லுவாங்க, அதுக்கு அர்த்தம் கீழ சொல்றேன். எந்த மரம்னு நம்ம தச்சு பாஸ்மாரு யாரையாவது கூப்பிட்டு கேளுங்க, அவங்க மூக்கால மோந்தே சொல்லுவாங்க.

இப்ப ஓட்டை. என்ன கேட்டா இதுதான் இந்த வேலையோட உயிர். ஒரு லக்க கழட்டி ரெண்டு ஸ்க்ரூ ஓட்டைக்கும் நடுவுல மையத்துலருந்து மையத்துக்கு மில்லிமீட்டர்ல அளங்க. ஒவ்வொரு கம்பெனி லக்குக்கும் இந்த இடைவெளி வேற, கம்பெனி தெரிஞ்ச இன்னொரு ட்ரம் யார்கிட்டயாவது இருந்தா அதுல ஒரு லக்க கழட்டி உங்க ஓட்டையில வச்சு பாருங்க, உக்காந்துச்சுன்னா உறவு இருக்கு. லக்குக்கு அடியில மறைஞ்ச அடைச்ச ஓட்டை இருக்கான்னு பாருங்க, இருந்தா இப்ப இருக்கிற லக் அதோடது இல்ல. ஸ்ட்ரெய்னருக்கு பக்கத்துலயும் எதிர்பக்கம் கம்பியோட மறுமுனைய புடிக்கிற பட் பிளேட்டுக்கு பக்கத்துலயும் அடைச்ச ஓட்டை இருக்கும், அந்த பழைய ஓட்டைங்கள ஒரு காகிதத்துல பென்சில தேச்சு அச்சு எடுத்து வச்சுக்கங்க, உண்மையான ஸ்ட்ரெய்னர் எதுன்னு சொல்றது அந்த அச்சுதான். வெளிய புட்டி போட்டு பெயிண்ட் அடிச்சு மறைச்சிருந்தாலும் உள்ள டோர்ச்ச படுக்க வச்சு அடிச்சா வட்டம் தெரிஞ்சிரும்.

பேட்ஜ் பெரும்பாலும் காத்து ஓட்டையிலதான் ஒரு சின்ன மெட்டல் வளையத்தால புடிச்சிருக்கும். அந்த ஓட்டைய சுத்தி நிழல் மாதிரி ஒரு வடிவம் இருந்தா அது பெரிய அதிர்ஷ்டம். மேல அகலமா கீழ குறுகலா வளைவுக் கல் மாதிரி இருந்தா லட்விக்கோட கீஸ்டோன் பேட்ஜ் வடிவம், சுத்த வட்டம்னா க்ரெட்ஷ்ஷையும் யோசிக்கலாம், மேகம் மாதிரி நெளிஞ்ச ஓரம்னா ஸ்லிங்கர்லேண்டோட பழைய பேட்ஜ். ஆனா ஜப்பான் கம்பெனிங்களும் இந்த மாதிரி வடிவங்கள நெறைய செஞ்சாங்க, அதனால நிழல மட்டும் வச்சு தீர்ப்பு சொல்லிராதீங்க.

லக்கோட எண்ணிக்கை 6, 8, 10ன்னு இருக்கும், 10 இருந்தா அந்தக் கம்பெனியோட நல்ல மாடல், 6 இருந்தா பிள்ளைங்களுக்கும் ஆரம்பக்காரங்களுக்கும் செஞ்சது, பொதுவா அப்படித்தான். ஷெல்லுலருந்து தள்ளி குழாய் மாதிரி நிக்கிற ட்யூப் லக் 1920களோட பாணி, ஆனா பிற்காலத்துலயும் அத திரும்ப செஞ்சிருக்காங்க. பெட்டி மாதிரி வார்ப்பு லக் 1930களுக்கு பிறகு. அத கழட்டி உள்ள பாருங்க, ஸ்ப்ரிங் வச்சு நட்ட புடிச்சிருந்தா பழசு, பிளாஸ்டிக் துண்டு புடிச்சிருந்தா பிற்காலம். ஸ்க்ரூ தலையையும் பாருங்க, நேர் வெட்டா, கூட்டல் வெட்டா. கூட்டல் வெட்டு பிலிப்ஸ் ஸ்க்ரூ 1930களோட நடுவுலதான் சந்தைக்கே வந்துச்சு. எல்லா லக்குலயும் ஒரே மாதிரி பழசான நேர் வெட்டு ஸ்க்ரூவா இருந்தா யாரும் கை வைக்கலன்னு நம்பலாம், எட்டு லக்குல மூணுல மட்டும் வேற ஸ்க்ரூன்னா அந்த மூணையும் ஏன் கழட்டுனாங்கன்னு யோசிங்க.

டென்ஷன் ராட்டோட புரி பத்தி கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இத யாரும் பாக்கிறதில்ல, ஆனா சும்மா ஒரு வேர்னியர் இருந்தாலே மெட்ரிக்கா இஞ்சியான்னு தெரிஞ்சிரும். அமெரிக்க ராட் 12-24ன்னு சொல்ற அளவு, விட்டம் 5.5 மில்லிமீட்டர் பக்கம், ஒரு இஞ்சிக்கு 24 புரி, அதாவது பத்து புரி 10.6 மில்லிமீட்டர் வரும். மெட்ரிக் 6 எம்எம் ராட்ல பத்து புரி சரியா 10, 5 எம்எம் ராட்ல பத்து புரி 8. பழைய பிரிட்டிஷ் விட்வர்த் கணக்குல 7/32 இஞ்சி ராட்டுக்கும் 24 புரிதான், விட்டம் 5.56, அதனால புரி அளவு மெட்ரிக்கா இஞ்சியான்னு பிரிச்சுக் காட்டும், இங்கிலாந்தா அமெரிக்காவான்னு பிரிச்சுக் காட்டாது. மெட்ரிக் வந்தா ஜெர்மனி பக்கமும் ஆசியா பக்கமும் தேடுங்க. கராஜ்ல புரி அளக்கிற கேஜ் இருக்கும், ஒரு ராட்டும் ஒரு லக் நட்டும் கொண்டு போனா அஞ்சு நிமிஷ வேல. ராட்ட மட்டும் கொண்டு போகாதீங்க, ராட் மாறியிருக்கலாம், நட்டுதான் லக்கோட சேர்ந்தது. பொருந்தாத ராட்ட பலவந்தமா முறுக்குனா அந்த நட்டோட கதை முடிஞ்சுது, அதுக்கு மாத்து நட்டு ஹட்டன்லயும் கிடைக்காது, கொழும்புலயும் கிடைக்காது.

ராட் தலை சதுரமா இல்லாம காசு வச்சு திருப்புற மாதிரி நேர் வெட்டா இருந்தா ஐரோப்பா பக்கம், ஜெர்மனி கம்பெனி சோனரும் அப்படி செஞ்சாங்க, பழைய இங்கிலாந்து ட்ரம்முலயும் பாக்கலாம்.

ரிம்முக்கு வருவோம். கொக்கி மாதிரி க்ளா மாட்டி இறுக்குற ஒத்தை மடிப்பு ரிம் பழைய பாணி. காது உள்ள மூணு மடிப்பு தகட்டு ரிம் பிறகு வந்து எல்லா இடத்துலயும் நெலச்சுது. தடியா, கனமா, வார்ப்புல செஞ்ச ரிம்முன்னா க்ரெட்ஷ், ப்ரீமியர் மாதிரி கம்பெனிங்கள நினைக்கணும். ஓரம் உள்பக்கமா மடிஞ்ச ரிம் இருந்தா ஸ்லிங்கர்லேண்ட் பக்கம் போகலாம். அடி ரிம்முல ஸ்னேர் கம்பி போறதுக்கு வெட்டு இருக்கும், அந்த வெட்டு ஸ்ட்ரெய்னருக்கு நேரா வரலன்னா ரிம் வேற ட்ரம்மோடது. ஸ்ட்ரெய்னர்ல பேட்டன்ட் நம்பரோ "ஜப்பான்"னு ஒரு சொல்லோ சின்னதா குத்தியிருக்கும், லீவர கழட்டி பின்பக்கத்தையும் பாருங்க, நெறைய நேரம் பின்பக்கத்துலதான் இருக்கும். "வெஸ்ட் ஜெர்மனி"ன்னு இருந்தா 1949க்கும் 1990க்கும் நடுவுல, "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்"ங்கிற அர்த்தத்துல இருந்தா 1952க்கு முன்ன.

தோல் பத்தி ஒரே ஒரு விஷயம்தான் உதவும். பிளாஸ்டிக் தோல் 1956, 1957லதான் சந்தைக்கு வந்துச்சு, சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி ரெண்டு பேரும் அந்த நேரத்துல கொண்டு வந்தாங்க, அதுக்கு முன்ன எல்லாமே கன்னுத்தோல். மர வளையத்துல சுத்துன கன்னுத்தோல் இன்னும் இருந்தா தூக்கிப் போடாதீங்க, கிழிஞ்சிருந்தாலும் சரி. நம்ம பனிக்கு கன்னுத்தோல் தளந்து தொங்கும், தப்புக்கு நெருப்பு காட்டுற மாதிரி இதுக்கு காட்ட நினைக்காதீங்க, முக்கியமா ஷெல்லுல முத்து மாதிரி மினுக்குற ராப், அதாவது வெளிய சுத்தி ஒட்டுன தாள், இருந்தா. பழைய முத்து ராப் செல்லுலாய்டு, குப்புன்னு புடிச்சிரும். பழைய செல்லுலாய்ட கையால நல்லா தேச்சு சூடாக்கி மோந்தா கற்பூர வாசனை லேசா வரும், இதுதான் ஆபத்தில்லாத சோதனை. வெள்ளை முத்து மஞ்சளா போயிருந்தா, லக்குக்கு அடியில மட்டும் இன்னும் வெள்ளையா இருக்கும், அப்படி இருந்தா அந்த லக் ஆரம்பத்துலருந்தே அங்கதான் இருந்துச்சுன்னு சாட்சி. தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீங்க.

இப்ப குடும்பம் குடும்பமா பாப்போம். இங்க முதல்ல சந்தேகப்பட வேண்டியது ப்ரீமியர். 1922ல லண்டன்ல ஆரம்பிச்ச கம்பெனி, ரெண்டாம் உலகப்போர்ல தொழிற்சாலை குண்டு விழுந்து அழிஞ்ச பிறகு லெஸ்டர் பக்கம் போனாங்க. வார்ப்பு ரிம், நல்ல தடியான குரோம், மரம்னா மெல்லிசான ப்ளை ஷெல்லுல பீச் வளையம். ப்ரீமியரோட குரோம் நம்ம ஈரத்தையும் தாங்கி நிக்கும், பக்கத்துல இருக்கிற மத்த ட்ரம் துருப்புடிச்சு போயிருக்க இது மட்டும் துடைச்சா பளபளன்னு வரும், அதுவே ஒரு அடையாளம்னு நான் சொல்லுவேன். ஸ்னேர் கம்பி ஷெல்லுக்கு வெளிய ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு ஒரு சட்டத்தோட ஒண்ணா ஏறி இறங்குனா 2000ன்னு ஒரு மாடல் இருக்கு, அத ஒரு தடவ பாத்தா மறக்க மாட்டீங்க. ப்ரீமியர் ஜாடையில இருந்து ஆனா ரிம் வார்ப்பு இல்லாம தகட்டு ரிம்மா, எல்லாம் ஒரு படி குறைஞ்ச மாதிரி இருந்தா அவங்களோட மலிவு வரிசை ஒலிம்பிக், இல்லன்னா அவங்களோட சேர்ந்த பெவர்லி. இங்கிலாந்துலயே பூசி அண்ட் ஹாக்ஸ்காரங்களோட அஜாக்ஸ், டல்லாஸ் கம்பெனியோட கார்ல்டன், ஜான் க்ரே கம்பெனியோட ப்ராட்வே இதுங்களும் உண்டு. லக் வடிவம் ப்ரீமியரோட ஒத்துப்போகல, ஆனா புரி இஞ்சி கணக்கு, ஸ்க்ரூ நேர் வெட்டு, ஷெல் லவான் இல்லன்னா அஜாக்ஸ், கார்ல்டன், ப்ராட்வே மூணையும் படத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.

ரெண்டாவது ஜப்பான். 1960கள்ல ஜப்பான் தொழிற்சாலைகள் ஒரே ட்ரம்ம கடைக்காரன் கேட்ட பேர்ல எல்லாம் பேட்ஜ் குத்தி ஏத்துமதி பண்ணாங்க, பேட்ஜே மலிவான தகடு, சீக்கிரம் விழுந்திரும். பேர்ல் 1946ல ஆரம்பிச்சது, ஹோஷினோக்காரங்க ஸ்டார்ன்னு செஞ்சு 1974ல டாமான்னு பேர மாத்துனாங்க, யமஹா 1967ல ட்ரம்முக்கு வந்தாங்க. அடையாளம் அந்த செம்பழுப்பு லவான் ஷெல், மூணு ப்ளை, வளையம், மெல்லிசான லேசான ரிம். இவங்க லக் எல்லாம் லட்விக், ஸ்லிங்கர்லேண்ட், ரோஜர்ஸ் இவங்களத்தான் பாத்து செஞ்சது, தூரத்துலருந்து பாத்தா அப்படியே இருக்கும். "இது லட்விக்"னு இங்க காட்டுறதுல நெறைய இதுதான். லக் லட்விக் மாதிரி, உள்ள லவான், அப்ப ஜப்பான், அதுல பேச்சே இல்ல. அதுக்காக மட்டமா நினைக்காதீங்க, ஓரத்த சரி பண்ணி நல்ல தோல் போட்டா அந்த லவான் ஷெல்லுக்கு ஒரு கதகதப்பான சத்தம் இருக்கு, எனக்கு ரொம்ப புடிக்கும்.

உண்மையான லட்விக்குன்னா அதிகமா பேசப்படுறது சுப்ராஃபோனிக் 400. 14க்கு 5, 10 லக், நடுவுல சுத்தி ஒரு மேட்டு வரி, 1963, 64 பக்கத்துலருந்து அலுமினிய ஷெல் மேல குரோம், அதனாலதான் அந்த வெள்ளை கொப்புளம். குரோம் இல்லாம 8 லக்கோட அதே மாதிரி அலுமினியம்னா அக்ரோலைட். காந்தம் ஒட்டிருச்சுன்னா ரெண்டும் இல்ல, அங்கயே நிறுத்திக்கலாம். ஸ்லிங்கர்லேண்ட் ரேடியோ கிங் ஒத்தைப் பலகை மேப்பிள் ஷெல்லும் வளையமும், க்ரெட்ஷ்னா உள்பக்கம் வெள்ளி நிறத்துல பூசியிருக்கும்.

ஜெர்மனியில சோனர் 1875ல வைசன்ஃபெல்ஸ்ல ஆரம்பிச்சது, போருக்குப் பிறகு குடும்பம் மேற்கு ஜெர்மனிக்கு போயிருச்சு, பழைய ஊர் தொழிற்சாலை கிழக்கு ஜெர்மனி அரசாங்கத்துக்கிட்ட போய் ட்ரோவான்னு ஆச்சு. கண்ணீர்த்துளி வடிவ லக், மெட்ரிக் புரி, நேர் வெட்டு ராட் மூணும் சேர்ந்தா 1950, 60கள் சோனர். பள்ளிக்கூட பேண்ட் ட்ரம்முல இந்தியா மீரட்லயும் பாகிஸ்தான் சியால்கோட்லயும் செஞ்சதும் சேரும், ஷெல் ஒட்டு தடியா, லக் ஒண்ணுக்கு ஒண்ணு கொஞ்சம் வித்தியாசமா, ஓட்டை கையால போட்ட மாதிரி இடைவெளி முன்ன பின்ன இருந்தா அந்தப் பக்கம். ஆழமான ஷெல், மர ரிம், கயிறும் தோல் பட்டையும் வச்சு இறுக்குறதுன்னா ராணுவ பாணி சைட் ட்ரம், அது இன்னைக்கும் அதே மாதிரி செய்யிறாங்க, அதனால பாணிய பாத்து 100 வருஷம்னு சொல்லிராதீங்க, ஸ்க்ரூவயும் மரத்தையும்தான் பாக்கணும்.

வயசு முடிவு பண்றதுக்கு ஒரே வழிதான். ட்ரம்மோட ஆரம்பத்துலருந்து இருக்கிற பாகங்கள மட்டும் எடுத்து, அதுல எது ரொம்ப பிந்தி வந்ததோ அந்த வருஷத்துக்கு முன்ன ட்ரம் இருக்க முடியாது. தொழிற்சாலையில மிச்சமிருந்த பழைய லக்க புது ஷெல்லுல போட்டு வித்திருப்பாங்க, ஆனா வராத சாமான போட முடியாது. உள்ள மை சீல்ல தேதி இருந்தா அது ஷெல் செஞ்ச தேதியா இருக்கும், வித்தது சில மாசம் கழிச்சும் இருக்கலாம்.

தலவாக்கலை பக்கம் ஒரு சர்ச்சுல இருந்த ட்ரம்ம பாத்தத சொல்றேன், வரிசை எப்படி வேல செய்யுதுன்னு புரியும். வெளிய சாம்பல் நிற எனாமல் பெயிண்ட், லக் எட்டு, ஸ்ட்ரெய்னர்ல "ஜப்பான்"னு குத்தியிருக்கு, எல்லாரும் ஜப்பான் ட்ரம்னு முடிவு கட்டியிருந்தாங்க. தோல கழட்டுனா உள்ள லவான் இல்ல, வெளிர் மரம், மெல்லிசு, வளையம். ஸ்ட்ரெய்னர கழட்டுனா அடியில புட்டி அடைச்ச வேற ஓட்டைங்க. லக்குக்கு அடியில எதுவும் இல்ல, அப்ப லக் உண்மையானது, கையில இருந்த ப்ரீமியர் லக்க வச்சா அப்படியே உக்காருது. ரிம் தகட்டு ரிம், ரெண்டும் ஒரே மாதிரி பழசு, வெட்டு பழைய ஸ்ட்ரெய்னர் ஓட்டைக்கு நேரா இருக்கு. லக் அடியில பெயிண்ட் போகாத இடத்துல செவப்பு மினுக்கு ராப். எழுதிக் குடுத்தது இதுதான்: ப்ரீமியர் குடும்பம், அனேகமா ஒலிம்பிக், 1960கள், ஸ்ட்ரெய்னர் பிறகு மாத்துனது, பெயிண்ட் பிறகு அடிச்சது. அந்தச் செவப்பு ராப் இன்னும் உள்ள உயிரோட இருக்குன்னு தெரிஞ்சதும் அந்த சர்ச் பிள்ளைங்க மொகத்த பாத்திருக்கணும்.

நீங்களும் அப்படித்தான் எழுதி வையுங்க, எதுல நிச்சயம், எதுல "அனேகமா"ன்னு பிரிச்சு, பக்கத்துல சுத்தளவு, ஆழம், லக் எண்ணிக்கை, லக் ஓட்டை இடைவெளி, புரி, ப்ளை, அடைச்ச ஓட்டைங்களோட அச்சு. விக்கிறவங்களா இருந்தா "லட்விக் மாதிரி"ன்னு போடாதீங்க, வாங்குறவங்களா இருந்தா தோல கழட்டி உள்ள காட்டாத ட்ரம்முக்கு சல்லி குடுக்காதீங்க. காகிதத்த மடிச்சு பிளாஸ்டிக் உறையில போட்டு ட்ரம் பெட்டியில வையுங்க, ஷெல்லுக்குள்ள ஒட்டாதீங்க, நம்ம ஈரத்துக்கு பசை உருகி அடியில இருக்கிற பென்சில் எழுத்தையும் சேர்த்து எடுத்துட்டு வந்துரும்.